பால் ராட்ஜர்ஸின் பத்துப்பாட்டு

(இசை ரசிகர்களின் மாதாந்திரக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராக் இசை பற்றிய உரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி வந்திருப்பவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஆல்பத்தில் பாடுகிறவர் ராக் பாடகர்தான். பாட்டுகள்தான் ராக் இல்லை. பாடகர் பெயர் பால் ராட்ஜர்ஸ். ஆல்பம் 'தி ராயல் செஷன்ஸ்'. 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. பத்துப் பாட்டு. பத்தும் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பாடிப் புகழ் சேர்த்த சோல், ப்ளூஸ் பாட்டுகள். பெரும்பாலும் நிதானமான நடையில் போகிறவை.

'ஆல் ரைட் நவ்' பாட்டைக் கேட்டிராத ராக் ரசிகர் இருக்க முடியாது. 1970-இல் ஃப்ரீ என்ற குழுவுக்காக அதைப் பாடியவர் இவர்தான். பிறகு பேட் கம்பெனி. அதன் பிறகு லெட் செப்பலின் கிட்டார்க்காரர் ஜிம்மி பேஜோடு சேர்ந்து தி ஃபர்ம். 2004-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் குவீன் குழுவோடு. பெரிய பெரிய அரங்குகளை நிரப்பிய குரல். அப்படிப்பட்டவர் அறுபதைத் தாண்டிய பிறகு இந்தப் பத்துப் பாட்டையும் பாடி வெளியிட்டபோது, இந்த மாதிரி ஆல்பங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மரியாதைதான் கிடைத்தது. நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். வயதான ராக் பாடகர் பழைய பாட்டைத் தூசி தட்டிப் பாடினால், குரல் ஓய்ந்துவிட்டது, புதிதாக எழுதச் சரக்கில்லை என்றுதான் உலகம் கணக்குப் போடும். பல பேர் விஷயத்தில் அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும்.

இவர் விஷயத்தில் அது தப்பு என்பது என் கட்சி. ராட்ஜர்ஸ் ஆரம்பத்திலிருந்தே அடக்கி வாசிக்கிற பாடகர். எலெக்ட்ரிக் கிட்டார் முழக்கத்துக்கு நடுவில் அது நம் காதுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதைக் காட்டுவதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் நதிக்கரையில் மிடில்ஸ்பரோ என்றொரு ஊர். இரும்பும் எஃகும்தான் அப்போது ஊருக்குப் பிழைப்பு. சிட்னி துறைமுகப் பாலம் இருக்கிறதே, அதைக் கட்டிய டார்மன் லாங் நிறுவனம் இந்த ஊருடையதுதான். 1949 டிசம்பர் 17 அன்று அங்கே பிறந்தவர் ராட்ஜர்ஸ். பள்ளிக்கூட வயதில் ஊர்ப் பையன்களோடு ரோட்ரன்னர்ஸ் என்று ஒரு குழு. அதில் இருந்த மிக்கி மூடி பின்னாளில் ஒயிட்ஸ்னேக் குழுவிலும், புரூஸ் தாமஸ் எல்விஸ் காஸ்டெல்லோவின் குழுவிலும் பெயரெடுத்தார்கள். ஒரே ஊர்ப் பையன்களின் குழுவுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான யோகம்தான்.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பையன்களுக்கு அமெரிக்க இசை தட்டுகளாகத்தான் வந்து சேர்ந்தது. ராட்ஜர்ஸ் மனசில் போய் உட்கார்ந்த குரல் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்குடையது. தன் பாட்டுக்கு மூலம் யார் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஓட்டிஸ் பெயரைத்தான் சொல்லிவந்திருக்கிறார். சோல் இசை பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் பாடும் காஸ்பல் இசையின் உருக்கத்தை அப்படியே எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்தால் வருவது சோல். நாயகி பாவத்துப் பாசுரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் போக்குவரத்து புதிதில்லை. திசை மட்டும்தான் எதிர்.

1967 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துப் பாடகர்கள் கூட்டமாக இங்கிலாந்துக்கு வந்தார்கள். லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியா அரங்கில் ஓட்டிஸ் ரெட்டிங்கும் சாம் அண்ட் டேவும் பாடியது தட்டாகவே பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் மனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓட்டிஸ் இறந்துபோனார். வயது 26. சில மாதம் கழித்து, அதே ஃபின்ஸ்பரி பார்க் வட்டாரத்தில் ஃபிக்கிள் பிக்கிள் என்ற கிளப்பில் பாடிக்கொண்டிருந்த ராட்ஜர்ஸைக் கேட்டார் பால் கோசாஃப் என்ற கிட்டார்க்காரப் பையன். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். டிரம்ஸுக்கு சைமன் கிர்க் வந்தார். பேஸ் கிட்டாருக்கு வந்த ஆண்டி ஃப்ரேசருக்கு அப்போது வயது பதினைந்து. பிரிட்டிஷ் ப்ளூஸ் இசையின் மூத்தவர் அலெக்ஸிஸ் கார்னர் குழுவுக்கு ஃப்ரீ என்று பெயர் வைத்தார்.

ஃப்ரீயின் முதல் ஆல்பம் 'டன்ஸ் ஆஃப் சாப்ஸ்' 1969-இல் வந்தது. அதில் 'தி ஹண்டர்' என்று ஒரு பாட்டு. மேடையில் அந்தக் குழுவுக்குக் கைதட்டல் வாங்கிக்கொடுத்த பாட்டு. அது அவர்கள் எழுதியது இல்லை. 1967-இல் ஸ்டாக்ஸ் வெளியிட்ட, ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங்கின் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' ஆல்பத்திலிருந்து எடுத்தது. இந்தத் தகவலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் 'தி ராயல் செஷன்ஸ்' ஆல்பத்தில் இருக்கும் பத்தில் இரண்டு, அதாவது 'டவுன் டோன்ட் பாதர் மீ', 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' இரண்டுமே, அதே ஆல்பர்ட் கிங் ஆல்பத்தைச் சேர்ந்தவை. பத்தொன்பது வயதில் புரட்டிய அதே தட்டைத்தான் மனிதர் அறுபது தாண்டியும் புரட்டிக்கொண்டிருக்கிறார். இதை வழிதவறி வந்த வேலை என்றோ வயோதிகக் கோலம் என்றோ எப்படிச் சொல்வது?

இன்னொரு சாட்சி இதைவிட வலுவானது. 1970-இல் வந்த ஃப்ரீயின் 'ஃபயர் அண்ட் வாட்டர்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை, அதற்குப் பிறகு வில்சன் பிக்கெட் எடுத்துப் பாடினார். சோல் உலகில் அவர் பெரிய கை; 'இன் தி மிட்நைட் அவர்' பாடியவர், அதையும் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில்தான் பாடினார். வெள்ளைக்காரப் பையன்கள் கறுப்பினத்தவர் பாட்டை எடுத்துப் பாடுவது அன்றாடம் நடந்தது. எதிர்த்திசையில் ஒரு பாட்டு போவது அப்படி இல்லை. இருபது வயது மிடில்ஸ்பரோக்காரர் ஒருவரும் பதினேழு வயது லண்டன்காரர் ஒருவரும் எழுதிய பாட்டில் தனக்கு இடமிருக்கிறது என்று பிக்கெட்டுக்குப் பட்டிருக்கிறது. கேட்டுப் பாருங்கள், அவர் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சரி, 'ஆல் ரைட் நவ்'. முழுக்க முழுக்க ராக் பாட்டு என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இதையே எடுத்துக்கொள்வோம். டர்ஹமில் ஒரு கச்சேரி சரியாகப் போகவில்லை, அந்த எரிச்சலில் பிறந்த பாட்டு என்று கிர்க் சொல்லியிருக்கிறார். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் போடுகிறேன். பேஸ் கிட்டார் எங்கே வருகிறது என்று கவனியுங்கள்.

(பாடல் ஒலிபரப்பாகிறது)

வரவே இல்லை, பார்த்தீர்களா? பாட்டின் சரணப் பகுதி முழுக்கப் பேஸ் கிட்டார் மௌனம். டிரம்ஸ், கோசாஃபின் கிட்டார், குரல், இவ்வளவுதான். பல்லவி வரும்போதுதான் ஃப்ரேசர் உள்ளே நுழைகிறார். அதனால்தான் அந்தப் பல்லவி அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. அதுவரைக்கும் வெறும் இடத்தில் தனியாக நடந்துகொண்டிருக்கிறது குரல். நிரவலில் அடித்து நொறுக்க வாய்ப்பிருந்தும் இரண்டு சொல்லைப் போட்டுவிட்டு விலகி நிற்கும் பாடகரைக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். இருபது வயதிலேயே ராட்ஜர்ஸுக்கு அந்தப் பக்குவம் இருந்தது. அதே ஆண்டு வந்த 'ஹைவே' ஆல்பத்தில் 'பி மை ஃப்ரெண்ட்' என்ற பாட்டைக் கேட்டால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். அந்த ஆல்பம் சரியாக விற்கவில்லை. 'ஆல் ரைட் நவ்' மாதிரி இன்னொன்றை எதிர்பார்த்தவர்களுக்கு அந்த அமைதி ஏமாற்றமாகப் போயிற்று.

அதற்குப் பின்வந்த ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஃப்ரீ கலைந்தது; கோசாஃப் 1976-இல் இருபத்தைந்து வயதில் இறந்துபோனார். பேட் கம்பெனியின் முதல் ஆல்பம் 1974-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. புகழ், பணம், தனி விமானம் எல்லாம் வந்தன. குவீனோடு பாடிய காலத்தில் அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் ரசிகர்கள் இவரை முறைத்துக்கொண்டே கேட்டார்கள். அந்த ஒப்பீட்டால் இரண்டு பேருக்குமே நியாயம் செய்ய முடியாது.

ஆனால் 1993-இல் வந்த 'மட்டி வாட்டர் ப்ளூஸ்' ஆல்பத்தைத் தாண்டிப் போக முடியாது. ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸுக்கு அஞ்சலி. பாட்டுக்கு ஒரு நட்சத்திர கிட்டார்க்காரர்: ஜெஃப் பெக், பட்டி கை, டேவிட் கில்மர், பிரையன் மே, கேரி மூர், ஸ்லாஷ். பந்தி பிரமாதம். ஆனால் ஒவ்வொரு விருந்தாளியும் தன் தட்டை நிரப்பிக்கொள்ளத்தானே பார்ப்பார்? குரல் முடிக்கும் முன்பே கிட்டார் முந்திக்கொண்டு வரும் இடங்கள் அதில் நிறைய. இருபது ஆண்டு கழித்து மறுபடி இப்படி ஒரு வேலைக்கு இறங்கியபோது ராட்ஜர்ஸ் ஒரு நட்சத்திரத்தையும் கூப்பிடவில்லை. தயாரிப்பாளர் பெர்ரி மார்கோலெஃபோடு மெம்ஃபிஸுக்குப் போனார்.

மெம்ஃபிஸில் சோல் இசைக்கு இரண்டு வீடுகள். இரண்டும் நகரின் தென்பகுதியில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே பழைய சினிமா கொட்டகைகள். மெக்லமோர் அவென்யூவில் இருந்த கேப்பிட்டல் தியேட்டரைப் பிடித்து, ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்தியது ஸ்டாக்ஸ். தியேட்டரில் தின்பண்டம் விற்ற இடத்தைத் தட்டு விற்கும் கடையாக மாற்றி, எந்தப் பாட்டுக்கு வாடிக்கையாளர் கால் தாளம் போடுகிறது என்று எஸ்டெல் அங்கேயே பார்த்துக்கொள்வார். சந்தை ஆய்வு என்று தனியாக ஒரு செலவு கிடையாது. இன்னொன்று ராயல் தியேட்டர். ஹை ரெகார்ட்ஸ் என்ற நிறுவனம் 1957-இல் அதை ஸ்டூடியோவாக்கியது. அதுதான் ராயல் ஸ்டூடியோஸ். நம் ஆல்பத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

கொட்டகையில் பின்வரிசைக்காரருக்கும் திரை தெரிய வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள் அல்லவா? அந்தச் சரிவை இரண்டு இடத்திலும் நிரவவில்லை. செலவுக்குப் பயந்து விட்டார்களோ என்னவோ, ஒலிக்கு அது வரமாகிவிட்டது. தரையும் கூரையும் இணையாக இல்லாததால் ஒலி இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி மோதி இரைச்சலாவதில்லை. ராயலில் சுவரிலும் கூரையிலும் துணியும் பஞ்சுமாகப் பொதிந்திருக்கிறது. ஆகவே டிரம்ஸ் அடித்தால் பளீரென்று தெறிக்காது. மெத்தென்று, கனமாக விழும். சோல் பாடகர் ஆல் கிரீனின் பாட்டு எதையாவது கேட்டவர்களுக்கு அந்த அடி உடனே ஞாபகம் வரும்.

ஆல் கிரீன் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ராயலின் ஆத்மா வில்லி மிட்செல் என்ற டிரம்பெட் கலைஞர். ஹை ரெகார்ட்ஸின் இசையை உருவாக்கியவர், 2010-இல் காலமானவர். இளைஞர் ஆல் கிரீன் இவரிடம் வந்தபோது, ஓட்டிஸ் மாதிரியும் சாம் அண்ட் டேவ் மாதிரியும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார். மிட்செல் விடாப்பிடியாக அவரைச் சத்தம் குறைத்துப் பாட வைத்தார். 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாட்டுக்கு அந்த மென்குரலை வரவழைப்பதற்குள் இரண்டு பேருக்கும் பெரிய மல்லுக்கட்டு. 1972-இல் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பிறகு சண்டை தீர்ந்தது. முழக்கமாகப் பாடத் தெரிந்தவரை மெல்லப் பாடவைத்த அறை அது. ராட்ஜர்ஸ் அந்த அறைக்குத்தான் போயிருக்கிறார்.

வாசித்தவர்களைப் பாருங்கள். ஆர்கனில் ரெவரெண்ட் சார்ல்ஸ் ஹாட்ஜஸ், பேஸ் கிட்டாரில் அவர் சகோதரர் லீராய், எலெக்ட்ரிக் பியானோவில் ஆர்ச்சி டர்னர். ஆல் கிரீனின் புகழ்பெற்ற தட்டுகளில் வாசித்த அதே கைகள். கிட்டாரில் மைக்கேல் டோல்ஸ்; ஐசக் ஹேய்ஸின் 1969 ஆல்பம் 'ஹாட் பட்டர்ட் சோல்' பதிவில் வாசித்தவர். டிரம்ஸில் ஸ்டீவ் பாட்ஸ். ஸ்டாக்ஸ் டிரம்ஸ்காரர் ஆல் ஜாக்சன் ஜூனியருக்கு உறவினர். கூடவே ஊதுகருவிக்காரர்கள், பின்பாட்டுக்காரர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க, ராட்ஜர்ஸ் பாட, நாடாவில் நேரடியாகப் பதிவு. துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் ஒட்டும் சங்கதி இல்லை.

பாட்டுக்கு வருவோம். பத்தில் ஐந்து ஓட்டிஸ் ரெட்டிங் பாடியவை. அதில் 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' என்பதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. ஓட்டிஸும் ஜெர்ரி பட்லரும் சேர்ந்து எழுதியது. விட்டு விலக நினைக்கும் பெண்ணிடம், இவ்வளவு நாள் நேசித்த பிறகு என்னால் நிறுத்த முடியாது என்று மன்றாடும் பாட்டு. நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை; ஒவ்வொரு அடியும் மூன்று மூன்றாகப் பிரிந்து மெல்ல ஊர்ந்து போகும். 1965-இல் இதைப் பாடியபோது ஓட்டிஸுக்கு வயது 23. முதல் சொல்லை இழுத்து நிறுத்துவார். ஊதுகருவிகள் படிப்படியாக மேலே ஏறும். கடைசியில் குரல் உடைந்து கெஞ்சலாக மாறும். இளைஞனின் அவசரம் அது. இந்த நிமிஷம் போனால் உயிர் போய்விடும் என்பது போல.

(இரண்டு வடிவங்களும் அடுத்தடுத்து ஒலிபரப்பாகின்றன)

ராட்ஜர்ஸ் பாடுவதில் அந்த அவசரம் இல்லை. ஓட்டிஸ் உடைந்து அழும் இடத்துக்கு வரும்போது இவரும் அழுவார் என்று காது எதிர்பார்க்கிறது. அவர் அழாமல் சொல்லைக் கொஞ்சம் தாமதமாக வைக்கிறார். தாளத்தின் அடி விழுந்து மயிரிழை கழித்துத்தான் சொல் விழுகிறது. அந்த இடைவெளியில் சார்ல்ஸ் ஹாட்ஜஸின் ஆர்கன் கேட்கிறது. ஹம்மண்ட் ஆர்கனின் ஒலி சுழலும் பெட்டி ஒன்றின் வழியாக வெளிவரும். பெட்டியை மெதுவாகச் சுழல விட்டால் பெருமூச்சு மாதிரி இருக்கும், வேகமாகச் சுழற்றினால் நடுக்கம் வரும். ஹாட்ஜஸ் பெரும்பாலும் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்கிறார். அறுபது தாண்டிய ஒரு குரல் நீண்ட நாள் நேசத்தைப் பற்றிப் பாடும்போது, பாட்டில் இருக்கும் நாள்கணக்கு நிஜமான கணக்காகிவிடுகிறது. இருபத்து மூன்று வயதில் ஓட்டிஸ் கற்பனையாலும் மேதைமையாலும் எட்டிய இடம் இது. அவர் அறுபது வயதுக்கு இருந்திருந்தால் எப்படிப் பாடியிருப்பார் என்று என்னைப் போன்ற ரசிகர்கள் ஏங்குவதுண்டு. அதற்கு விடை இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஏக்கத்தோடு கேட்கத் தகுந்த பாட்டு, அவ்வளவுதான்.

'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' பாட்டை எழுதியவர் ரூஸ்வெல்ட் ஜேமிசன். மெம்ஃபிஸில் ரத்த வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். 1964-இல் ஓ.வி. ரைட் முதலில் பாடினார்; கையோடு ஓட்டிஸும் பாடினார்; அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள். இத்தனை பேர் கைபட்ட பாட்டில் ராட்ஜர்ஸ் புதிதாக ஏதும் செய்ய முயலவில்லை. அதுதான் நல்ல முடிவு.

'ஐ கான்ட் ஸ்டாண்ட் தி ரெய்ன்' இன்னொரு ரகம். 1973-இல் ஆன் பீபிள்ஸ் இதே ராயல் ஸ்டூடியோவில் பாடிய பாட்டு. அவரும், பின்னர் அவரை மணந்துகொண்ட டான் பிரையன்ட்டும், வானொலிக்காரர் பெர்னார்ட் மில்லரும் ஒரு மழைநாளில் எழுதினார்கள். எலெக்ட்ரிக் டிம்பாலே என்ற தாளக்கருவியில் டொக் டொக்கென்று சொட்டும் மழைதான் அந்தப் பாட்டின் முகவெட்டு. ஜன்னலில் விழும் மழைச் சத்தம் போனவனை ஞாபகப்படுத்துகிறது என்று ஒரு பெண் பாடும் பாட்டை, அது பிறந்த அறையிலேயே, அந்தக் காலத்து வாத்தியக்காரர்களோடு நின்று பாடுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ராட்ஜர்ஸ் அதை ப்ளூஸ் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தப்பித்துவிடுகிறார்.

எல்லாமே அமிர்தம் என்று சொல்ல நான் வரவில்லை. 'வாக் ஆன் பை' எனக்கு ஒட்டவில்லை. 1964-இல் டியான் வார்விக் அந்தப் பாட்டில் அழுகையை மறைத்துக்கொண்டு தெருவில் நடக்கும் பெண்ணாகவே ஆகிவிட்டார். 1969-இல் ஐசக் ஹேய்ஸ் அதைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு இழுத்து வேறொரு பிரம்மாண்டமாக மாற்றினார். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட இடமே இல்லை. 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்கிற அத்தனை ப்ளூஸ் குழுவும் வாசித்துத் தேய்த்த பாட்டு. அதற்குப் பதிலாக, இதே ஆல்பத்தில் இருக்கும் ஓட்டிஸின் 'எனி ஓல் வே' மாதிரி அதிகம் வெளியே தெரியாத இன்னொன்றைத் தேடியிருக்கலாம். முதல் பாட்டு 'ஐ தேங்க் யூ' துள்ளலானது. இருக்கட்டும், கூட்டத்தைக் கூட்ட ஒரு தப்பட்டைச் சத்தம் வேண்டுமே.

ஒரு கேள்வி உங்களில் சிலர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரப் பணக்காரப் பாடகர் ஒருவர் கறுப்பினத்தவரின் பாட்டை எடுத்துப் பாடி ஆல்பம் போடுவது நியாயமா? நியாயமான கேள்விதான். ஸ்டாக்ஸின் கதையே வயிற்றெரிச்சல். ஓட்டிஸ் போனார், 1968-இல் அட்லாண்டிக் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் முறிந்தபோது, அதுவரை பதிவான தட்டுகளின் உரிமை பெரும்பாலும் அட்லாண்டிக் கைக்கே போய்விட்டது தெரியவந்தது, அந்த ஏப்ரலில் அதே நகரில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் எழுந்து நின்ற நிறுவனம் 1975 டிசம்பரில் திவாலானது. 1989-இல் கட்டடத்தையே இடித்துத் தள்ளினார்கள். பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்து, அதே இடத்தில் அதே வடிவில் கட்டி 2003-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பக்கத்தில் அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கும் ஸ்டாக்ஸ் மியூசிக் அகாடமி இருக்கிறது. 'தி ராயல் செஷன்ஸ்' வருமானத்தை ராட்ஜர்ஸ் அந்த அகாடமிக்குக் கொடுத்தார். பணத்தால் எல்லாக் கணக்கும் நேராகிவிடாது. ஆனால் கடன் இருக்கிறது என்று தெரிந்து பாடுகிறவருக்கும் தெரியாமல் பாடுகிறவருக்கும் குரலிலேயே வித்தியாசம் கேட்கும் என்று நான் நம்புகிறேன்.

இதே சமயத்தில் இதே மாதிரி ஆல்பங்கள் வரிசையாக வந்தன. ராட் ஸ்டூவர்ட் 2009-இல் 'சோல்புக்' போட்டார். 2010-இல் ஃபில் காலின்ஸ் 'கோயிங் பேக்' என்று மோட்டவுன் நிறுவனத்துப் பழைய சோல் பாட்டுகளைப் பாடினார்; மூலத்தை அச்சு அசலாக மறுபடி உண்டாக்குவதுதான் தன் நோக்கம் என்று அவரே சொன்னார். அச்சு அசல் வேண்டுமென்றால் நான் அசலையே கேட்டுக்கொள்கிறேனே! 2013-இல் பாஸ் ஸ்காக்ஸ் இதே ராயல் ஸ்டூடியோவில் 'மெம்ஃபிஸ்' என்ற ஆல்பத்தைப் பதிவுசெய்தார். அது நல்ல ஆல்பம். இத்தனை பேர் ஒரே கடைக்கு வந்துபோனதால், கடைசியில் வந்த ராட்ஜர்ஸின் சரக்கையும் அந்த மூட்டையில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சின்ன நிறுவன வெளியீடு வேறு. ராக் வானொலிகள் இதை ராக் இல்லை என்று தள்ளின. சோல் கேட்கிறவர்களுக்கு ராட்ஜர்ஸ் யாரென்றே தெரியாது.

இதன் பிறகு அவரிடமிருந்து தனி ஸ்டூடியோ ஆல்பம் வர ஒன்பது ஆண்டு ஆயிற்று. 'மிட்நைட் ரோஸ்' 2023-இல் வந்தபோதுதான் இடையில் நடந்தது வெளியே தெரிந்தது. 2016-இலும் 2019-இலும் பக்கவாதம். சில காலம் பேச்சே வரவில்லை, கிட்டார் பிடிக்கக் கை வரவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்றுக்கொண்டு பாடிய ஆல்பம் அது. அந்தக் கதை தெரிந்தவர்கள் இப்போது 'தி ராயல் செஷன்ஸ்' ஆல்பத்தைக் கொஞ்சம் கலங்கிய கண்ணோடு கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2014-இல் அவர் முழு பலத்தோடு இருந்தார். மேல் ஸ்தாயியில் போய் முழக்க அவரால் அப்போதும் முடிந்தது. 'ஐ தேங்க் யூ' பாட்டின் கடைசிப் பகுதியே அதற்கு ஆதாரம். முடிந்தும் மற்ற பாட்டுகளில் அதைச் செய்யவில்லை என்பதுதான் விஷயம். இயலாமையால் குரல் தணிந்ததாக நினைத்துக் கேட்டால் அந்த முடிவை நாம் அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறோம்.

வீட்டுக்குப் போய்க் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். பத்தாவது பாட்டு 'ஐவ் காட் ட்ரீம்ஸ் டு ரிமெம்பர்' என்பதிலிருந்து தொடங்குங்கள். ஓட்டிஸின் மனைவி ஸெல்மா எழுதிய கவிதையிலிருந்து உருவான பாட்டு. ஓட்டிஸ் இறந்த பிறகு 1968-இல்தான் வெளிவந்தது. அதில் பின்பாட்டுப் பெண்கள் எப்போது வருகிறார்கள், எப்போது ராட்ஜர்ஸ் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார் என்று பாருங்கள். பிறகு மேலே போகலாம். கூடுதல் பாட்டுகள் சேர்த்த பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதில் 'வாக் இன் மை ஷாடோ' இருக்கிறது. 1969-இல் ஃப்ரீயின் முதல் ஆல்பத்தில் இருந்த அவர்களுடைய சொந்தப் பாட்டு. அதை மெம்ஃபிஸ்காரர்கள் வாசித்திருக்கிறார்கள். இரண்டையும் இப்போது அடுத்தடுத்துப் போடுகிறேன், முதலில் பழையது. முடிந்ததும் உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பின்வரிசையில் கை தூக்கிய நண்பர் குவீன் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று தெரிகிறது. அவருக்கே முதல் வாய்ப்பு.